நான்காம் காலின் துளை

"ரெண்டு பக்கமுமா?"

"ரெண்டு பக்கமும்தான். மேல ஒரு சொட்டு, கீழ ஒரு சொட்டு."

"நடுவுல?"

"நடுவுல இன்னா இருந்துச்சுன்னு மாதாவுக்குத்தான் தெரியும். பாக்க ரெண்டு பக்கமும் பளபளன்னு இருந்துச்சு. வெங்கடேஷ் சாரும் லென்ஸ் வெச்சுப் பாத்துட்டு டிக் போட்டுட்டாரு."

கேள்வி கேட்டவள் மெஹக். பதில் சொன்னவள் லிண்டா. இருவருக்கும் நடுவே மேசையில், பாதி தின்ற ரொட்டித்துண்டு போல, குறுக்கே அறுக்கப்பட்ட ஒரு சர்க்யூட் போர்டு கிடந்தது.

ஆதம்பாக்கத்தில் ஒரு வீட்டின் மாடியில் நடக்கும் சின்னத் தொழிற்கூடம் அது. ஆறு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து போர்டுகளுக்கு ஈயம் வைப்பார்கள். சாந்தோமிலிருந்து தினமும் வந்துபோகும் லிண்டாதான் அவர்களில் மூத்தவள், கைப்பழக்கம் அதிகம் உள்ளவள். மெஹக் இருப்பது வேலையின் மறுமுனையில். தி.நகரில், இரண்டாம் மாடியில், கணினிக்கு முன்னால். எந்த உதிரிப்பாகத்தின் கால் எந்தத் துளையில் இறங்க வேண்டும், துளை எவ்வளவு அகலம், அதைச் சுற்றிய தாமிர வளையம் எவ்வளவு பெரிது என்பதையெல்லாம் வரைந்து முடிவு செய்பவள் அவள். அவள் வரைந்ததில் லிண்டா ஈயம் வைப்பாள். இரண்டு வருடமாக இப்படியே நடக்கிறது. நேருக்கு நேர் பார்த்துக்கொண்டது இது மூன்றாவது முறை.

வெங்கடேஷ் அந்தக் கூடத்தில் தரம் பார்ப்பவர். காலையில் அவர்தான் போர்டை அறுத்து லென்ஸுக்குக் கீழே வைத்திருந்தார். மெஹக் மறுபடி குனிந்து பார்த்தாள். துளையின் நடுவே கால் நின்றது. மேலே ஈயத்தால் ஒரு குல்லா. கீழே ஒரு குல்லா. இரண்டுக்கும் நடுவே ஒன்றுமில்லை. கிணற்றுக்கு மேலும் கீழும் மூடி போட்டு, தண்ணீர் நிறைந்திருக்கிறது என்று ஊரை நம்பவைத்ததுபோல் இருந்தது. மேல் குல்லாவில், முடி கிடப்பது போல, வட்டமாக ஒரு விரிசல் ஓடியது.

அந்தப் போர்டு நங்கநல்லூரிலிருந்து திரும்பி வந்திருந்தது. மெஹக்கின் கம்பெனி, வீட்டில் வைத்துக்கொள்ளும் ஆக்ஸிஜன் மெஷின் பன்னிரண்டு செய்து, சோதனைக்காகப் பன்னிரண்டு வீடுகளுக்குக் கொடுத்திருந்தது. அதில் ஒன்பதாம் நம்பர், சனிக்கிழமை காலை, ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியரின் கட்டிலருகே நின்றுபோனது. நின்றால் கத்த வேண்டிய அலாரம் கத்தவில்லை. மருமகள் சமையலறையில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். அவள் தட்டோடு வந்து பார்க்கும்போது பெரியவரின் உதடு நாவல்பழ நிறத்தில் இருந்ததாம். ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டார். இதை இன்று காலை ஆபீசில் அவள் மேலதிகாரி சந்திரமௌலி சார் சொன்னபோது, தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டே இருந்தார்.

லிண்டா குற்றவாளிக் கூண்டில் நிற்பவளைப் போலத்தான் முதலில் பேச ஆரம்பித்தாள். பேசப் பேச அது கோபமாயிற்று. அந்த நாலாவது காலுக்குச் சூடே ஏறவில்லை என்றாள். மற்ற கால்களில் பற்றவைக்கும் அயர்னை வைத்தால் மூன்று எண்ணுவதற்குள் ஈயம் உருகித் துளைக்குள் இறங்கிவிடுமாம். இந்த ஒன்றில் மட்டும் இருபது எண்ணினாலும் மேலேயே கட்டியாக நிற்குமாம். இன்னும் அழுத்தி வைத்தால் போர்டு கருகும். ரிஜிஸ்டரில் எழுதியும் வைத்தாள். யாரும் புரட்டிப் பார்க்கவில்லை. இரண்டு பக்கமும் ஈயம் தெரியாவிட்டால் வெங்கடேஷ் திருப்பி அனுப்புவார். அதனால் போர்டைக் கவிழ்த்து அடிப்பக்கமும் ஒரு சொட்டு வைத்துவிட்டாள்.

"நீ வரைஞ்சது அப்பிடி மா. எவ்ளோ சூடு குடுத்தாலும் குடிச்சுட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி கெடக்குது. நான் இன்னா என் உசுரயா உருக்கி ஊத்தறது?"

மெஹக் லென்ஸைத் தள்ளி வைத்தாள். லிண்டா சொன்னதில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

போர்டுக்குள் அகலமான தாமிரத் தகடு ஒன்று பாய் விரித்ததுபோல் பரவியிருக்கும். எல்லா மின்சாரமும் வேலை முடித்துத் திரும்புகிற இடம் அது. அந்தத் தகட்டோடு ஒரு காலைச் சேர்க்கும்போது வளையத்தை முழுசாக ஒட்டவிடக் கூடாது. நாலு மெல்லிய பாலங்களால் மட்டும் தொடவிட வேண்டும். அப்போதுதான் அயர்னின் சூடு தகடு முழுக்க ஓடிப் போகாமல் காலருகே தங்கும். இது முதல் வருடத்துப் பாடம். மெஹக்கும் முதலில் நாலு பாலத்தோடுதான் வரைந்தாள். பிறகு ஒரு நாள் சந்திரமௌலி சார், இந்த மெஷினின் மோட்டாருக்குக் கரண்ட் அதிகம், மெல்லிய பாலம் தாங்குமா என்று கேட்டார். கணக்குப் போட்டுப் பார்த்திருக்கலாம். பாலத்தைக் கொஞ்சம் அகலமாக்கியிருக்கலாம். அவள் கணினியில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் டிக் போட்டாள். பாலங்கள் மறைந்து வளையம் தகட்டோடு ஒன்றாகிவிட்டது. திரையில் பார்க்க அழகாகக்கூட இருந்தது.

அது போதாதென்று, மாதிரிப் போர்டில் கால் ஆடுகிறது என்று துளையையும் இறுக்கினாள். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் இரண்டு பங்கு. கால் ஆடாமல் நின்றது. ஆனால் ஈயம் ஏற இடைவெளி இல்லை.

மோட்டாரின் மின்சாரம் திரும்புவது அந்தக் கால் வழியாக. அலாரத்தின் மின்சாரம் திரும்புவதும் அதே கால் வழியாக. அந்தக் கால் விட்டால் இரண்டும் ஒன்றாகவே நின்றுபோகும். அதையும் அவள்தான் அப்படி வரைந்தாள்.

"அக்கா, பத்தாம் நம்பர் யாரு வெச்சது?"

"ஒம்போது, பத்து, பதினொண்ணு மூணும் ஒரே மத்தியானம் நான்தான் வெச்சேன். ஏன், அது எங்க கீது?"

"எங்க வீட்ல. எங்கப்பாவுக்கு."

லிண்டாவின் கை நெற்றிக்குப் போயிற்று. நெஞ்சுக்கு இறங்கியது. தோளுக்குப் போகாமல் அங்கேயே நின்றுவிட்டது. அந்தப் பாதிச் சிலுவையைப் பார்த்ததும்தான் மெஹக்குக்கு அப்பாவின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. அதுவரை அவள் போர்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.

மெஹக் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். லிண்டா அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். கோபமெல்லாம் எங்கேயோ போயிருந்தது. மெஷினைத் திறக்காதே, தட்டாதே, நகர்த்தாதே என்றாள். ஓடுகிறவரை ஓடட்டும், முதலில் ஒரு சிலிண்டருக்கு ஏற்பாடு செய், சிலிண்டர் வந்ததும் கூப்பிடு, அயர்னை எடுத்துக்கொண்டு நானே வருகிறேன் என்றாள்.

ஆட்டோவில் வேளச்சேரி ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் மெஹக் சந்திரமௌலி சாருக்குப் போன் செய்தாள். அவர் நல்ல மனிதர். கத்தவில்லை. எதிர்முனையில் மூடி திறந்து மூடும் சத்தம் கேட்டது. மற்ற பத்து வீட்டுக்கும் இப்போதே தானே பேசுவதாகச் சொன்னார். எல்லாருக்கும் வேறு மெஷின் போய்ச்சேரும்வரை யாரையும் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லப் போகிறேன் என்றார். கடைசியில் குரல் தணிந்தது.

"உங்க வீட்டுக்கு நீயே சொல்லிடுறியாம்மா? நான் சொல்றதவிட நீ சொன்னா நல்லாருக்கும்."

சரி சார் என்றாள்.

அவள் அப்பா அக்பர் பாஷா, கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் முப்பத்தைந்து வருடம் மெத்தை தைத்தவர். இலவம்பஞ்சு அடித்து அடித்து, மயிலாப்பூரில் பாதிப்பேர் அவர் தைத்த மெத்தையில் தூங்கினார்கள். பஞ்சு அவர் நுரையீரலில் தங்கிவிட்டது. வாடகைக்கு எடுத்த பழைய மெஷின் எருமை மாதிரிக் குறட்டை விடுகிறது என்று தினமும் அலுத்துக்கொள்வார். நாலு வாரத்துக்கு முன் மெஹக் பத்தாம் நம்பரைக் கொண்டுவந்து இறக்கினாள். பழையதை அன்றைக்கே திருப்பி அனுப்பினாள். இது சோதனை மெஷின் என்று வீட்டில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், அம்மி என்று மெஹக் கூப்பிடும் அவள் அம்மா, அதை உள்ளே விட்டிருக்க மாட்டாள்.

ரயில் கிளம்பியதும் வீட்டுக்குப் போன் போட்டாள். அம்மி, அஃப்சருன்னிசா, இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். அப்பா தூங்குகிறார் என்றாள்.

"அம்மி, போன அப்பிடியே மெஷின் பக்கத்துல வையி."

"எதுக்கு?"

"சத்தம் கேக்கணும். ஆபீஸ்ல கேட்டாங்க."

"மெஷின் சத்தத்தக் கேக்கறதுக்கெல்லாம் சம்பளம் குடுக்கறாங்களா உனக்கு? எங்கியாவது நான் பாடறதக் கேக்கச் சொல்லேன்."

சிரித்துக்கொண்டே வைத்துவிட்டுப் போனாள். மெஹக் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். மெல்லிய உறுமல். எட்டு எண்ணினால் ஒரு 'புஸ்'. மறுபடி உறுமல். மறுபடி புஸ். அதற்கு அடியில், இன்னும் மெல்லியதாக, அப்பாவின் மூச்சு கேட்பதுபோல் இருந்தது. கேட்டிருக்காது. கேட்பதாக நினைத்துக்கொண்டாள்.

பெருங்குடி போனது. தரமணி போனது. ரயிலில் கூட்டமில்லை. பிற்பகல் வெயில் இருக்கைகள் மேல் சதுரம் சதுரமாக விழுந்து நகர்ந்தது. மெஹக் கண்ணை மூடினால் துளைக்குள் இருந்தாள். நாலு புறமும் தாமிரச் சுவர். நடுவே கோயில் தூண் போல உயர்ந்து நிற்கும் கால். தலைக்கு மேல் ஈயக் கூரை. கூரையில் விரிசல் ஓடிக்கொண்டிருக்கிறது. ஐஸ் உடைவதுபோல் மெதுவாக, சத்தமே இல்லாமல். மோட்டார் ஒரு முறை அதிர்ந்தால் விரிசல் ஓர் அடி நகரும். எவ்வளவு தூரம் வந்திருக்கிறது? ஒன்பதாம் நம்பருக்கு வட்டம் முடிந்துவிட்டது. அதே மத்தியானம், அதே கை, அதே சூடு. அடுத்தது பத்து.

கண்ணைத் திறந்தாள். எட்டு எண்ணினாள். புஸ்.

எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் பூக்கட்டியபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசைய எண்ணிக்கொண்டு, எண்ணி முடித்ததும் பெருமூச்சு விடும் பெண்ணை அவள் என்னவென்று நினைத்தாளோ. ஏதாவது ஜெபமாக்கும் என்று நினைத்திருக்கலாம்.

கோட்டூர்புரம் தாண்டி அடையாற்றுப் பாலத்தின் மேல் ரயில் ஏறியபோது ஏழு எண்ணினாள். எட்டு. ஒன்பது. பத்து. போனில் ஒன்றுமில்லை. உறுமலும் இல்லை. கீழே ஆறு, அசையாத கறுப்புத் தண்ணீராக விரிந்து கிடந்தது. திரையைப் பார்த்தாள். இணைப்பு அறுந்திருந்தது. திரும்பப் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று ஒரு பெண் நிதானமாகச் சொன்னாள். இன்னொரு முறை போட்டாள். அதே பெண், அதே நிதானம்.

சார்ஜ் தீர்ந்திருக்கும் என்று தனக்குத் தானே சொன்னாள். போனைச் சார்ஜில் போடாமல் வைப்பது அம்மியின் வழக்கம்தான். சார்ஜ்தான் தீர்ந்தது, வேறொன்றும் இல்லை. ஆனால் காது அதை ஏற்கவில்லை. நிசப்தத்துக்கு ஒரே ஓர் அர்த்தம்தான் உண்டு என்று அது முடிவு செய்துவிட்டிருந்தது. கிரீன்வேஸ் ரோடு. மந்தைவெளி. ரயில் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, யாரோ வரப்போவதுபோல் நின்றது. யாரும் வரவில்லை.

திருமயிலையில் இறங்கியதும் ஓடினாள். எஸ்கலேட்டர் நின்றிருந்தது, படிகளில் தடதடவென்று இறங்கினாள். கச்சேரி ரோட்டில் ஒரு ஸ்கூட்டர்காரன் மோதாமல் பிரேக் போட்டு, இன்னா சிஸ்டர், வீட்ல சொல்லிட்டு வன்ட்டியா என்று கேட்டான். சொல்லிவிட்டு வரவில்லை. சொல்லத்தான் போய்க்கொண்டிருந்தாள்.

சந்து திரும்பியதும் வேகம் தானாகக் குறைந்தது. இவ்வளவு தூரம் ஓடிவந்தவள் கடைசிப் பத்தடியை நடந்தாள். வீட்டுக்குள்ளிருந்து சத்தம் வருகிறதா என்று கேட்க வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடியது. அது நிற்கும்வரை வாசலில் நின்றாள். மிக்ஸி நின்றது.

உறுமல். ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. புஸ்.

சுவரைப் பிடித்துக்கொண்டு செருப்பைக் கழற்றினாள்.

அக்பர் பாஷா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூக்கில் குழாய். விரலில் மாட்டிய சின்னக் கருவி ஆக்ஸிஜன் அளவு தொண்ணூற்று நாலு என்று காட்டியது. ஆபீஸ் தீப்பிடித்ததா, இல்லை ஆள்குறைப்பா என்று விசாரித்தார். அம்மி போனைச் சார்ஜில் போட்டபடியே, மெஷின் பாட்டு கேட்டு முடிந்ததா என்றாள். மெஹக் சிரித்தாள். சிரிப்பு எங்கிருந்தோ வந்து எங்கேயோ போயிற்று.

சமையலறைக்குப் போய், கோபாலபுரத்தில் இருக்கும் வாடகை சிலிண்டர் கடைக்குப் போன் செய்தாள். வண்டி வெளியே போயிருப்பதாகச் சொன்னார்கள். ஐந்தரை ஆகும். அவசரம் என்றாள். எல்லாருமே அவசரம்னுதான் கேக்கறாங்க என்றான் எதிர்முனையில் இருந்தவன். அவன் சொன்னது உண்மையாகத்தான் இருக்கும். கடிகாரம் நாலரை காட்டியது. ஒரு மணி நேரம். நாலு வாரம் ஓடியது இன்னும் ஒரு மணி நேரம் ஓடாதா?

திரும்பி வந்து மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அதன் முதுகில் உள்ளங்கையை வைத்தாள். வெதுவெதுப்பாக, தூங்கும் பூனை போல அதிர்ந்தது. இப்போதே சொல்லிவிட வேண்டும். சார் இன்னேரம் பத்து வீட்டிலும் சொல்லியிருப்பார். எப்படி ஆரம்பிப்பது? அப்பா, இது இன்னும் சோதனையில இருக்கற மெஷின். அப்பா, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். வாக்கியங்கள் தொண்டைவரை வந்து, துளைக்குள் இறங்காத ஈயம் போல மேலேயே கட்டிக்கொண்டு நின்றன.

அம்மி ஒரு சொம்பில் தண்ணீரும் ஒரு கிண்ணமும் கொண்டுவந்து கட்டிலருகே வைத்தாள். அக்பர் பாஷா சட்டைக் கையை மடித்துக்கொண்டு தொழுகைக்காக ஒளூ செய்யத் தொடங்கினார். கை, வாய், முகம். மூக்குக் குழாயை ஒரு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூக்கைக் கழுவினார்.

அப்போதுதான் அம்மி, ஆபீசே கதியென்று கிடக்கும் மெஹக் இதுவரை கவனிக்காத ஒன்றை, பேச்சுவாக்கில் சொன்னாள். தொழும்போது குழாயை எடுத்துவிடுகிறார் என்றும், மெஷினையும் நிறுத்திவிடுகிறார் என்றும். ஐந்து வேளையும். டாக்டர் பத்து நிமிடம் எடுத்து வைக்கலாம் என்று சொன்னதை இவர் பிடித்துக்கொண்டாராம்.

"ஏன் அம்மி நிறுத்தணும்? ஓடிட்டுப் போகட்டுமே."

அக்பர் பாஷாவே பதில் சொன்னார். "மூக்கணாங்கயிறு கட்டின மாடு மாதிரி அல்லாஹ் முன்னாடி போய் நிக்கச் சொல்றியா? அது சும்மா ஓடினா எனக்கு மனசு அதுலயே போகுது. நிறுத்திட்டா நிம்மதி. முடிச்சுட்டுப் போட்டா, உன் மெஷினு, ஒரு தட்டுல கெளம்பிடுது."

மெஹக்கின் உள்ளங்கை மெஷினின் முதுகிலேயே இருந்தது. ஒரு நாளைக்கு ஐந்து. நாலு வாரம். நூற்று நாற்பது முறை அது அணைந்து, ஆறி, மறுபடி உதறிக்கொண்டு கிளம்பியிருக்கிறது. நிற்கும்போது ஈயம் சுருங்கும். கிளம்பும்போது மோட்டார் மூன்று மடங்கு கரண்டை ஒரே இழுப்பில் இழுக்கும், சூட்டில் ஈயம் விரியும். ஒவ்வொரு முறையும் விரிசல் ஓர் அடி நகர்ந்திருக்கும். ஓடிக்கொண்டிருப்பது ஓடிக்கொண்டிருக்கலாம். அணைந்தால் திரும்பக் கிளம்புமா என்பதை இந்த உலகத்தில் யாராலும் சொல்ல முடியாது. வரைந்த அவளாலும் முடியாது, ஈயம் வைத்த லிண்டாவாலும் முடியாது. சிலிண்டர் வர இன்னும் ஐம்பது நிமிடம். குழாய் இல்லாமல் அவரால் பத்து நிமிடம் தாங்க முடியும். இருபது நிமிடத்தில் அவர் முகம் எப்படி இருக்கும் என்பதை அவள் ஒரு முறை பார்த்திருக்கிறாள்.

"அப்பா, இன்னிக்கு ஒரு வேளை குழாயோட தொழுங்களேன்."

"ஏன், இன்னிக்கு இன்னா?"

மெஹக் சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் அவர் அம்மியிடம் திரும்பி, நேற்று வந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் என்ன சொன்னேன் என்று கேட்டார். அம்மி சொன்னாள்: ஊரெல்லாம் வெளிநாட்டு மெஷினுல மூச்சு வாங்கறான், நான் என் பொண்ணு கிட்ட வாங்கறேன்னு சொன்னீங்க. அக்பர் பாஷா தன் வார்த்தையைத் திரும்பக் கேட்ட சந்தோஷத்தில் தலையாட்டிக்கொண்டார். தாடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

பள்ளிவாசலிலிருந்து மாலைத் தொழுகைக்கான அசர் பாங்கு எழுந்தது. அவர் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார். உதடுகள் மட்டும் அசைந்தன. மெஹக் பாங்கைக் கேட்கவில்லை, அதற்கு அடியில் எண்ணிக்கொண்டிருந்தாள். ஆறு. ஏழு. எட்டு. ஒன்பது. புஸ்.

ஒன்பதா? தவறாக எண்ணிவிட்டாளா? மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.

பாங்கு முடிந்தது. அக்பர் பாஷா தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். கட்டிலிலிருந்து காலைத் தொங்கவிட்டு, மேற்குப் பக்கம் திருப்பிப் போட்ட நாற்காலிக்கு மாறி உட்கார்ந்தார். காதுக்குப் பின்னாலிருந்து குழாயை விடுவித்து, மடித்து, தலையணை மேல் வைத்தார். விரலில் தொண்ணூற்று மூன்று. தொண்ணூற்று இரண்டு. சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினார். மெஹக் அதற்குக் குறுக்கே, சுவிட்சை முதுகால் மறைத்தபடி, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் கை அவள் தோள்வரை வந்து, அங்கேயே தங்கி, லேசாக ஒரு தட்டுத் தட்டியது.

"நீயே அணைச்சுடு பேட்டா. நேரமாவுது."